முற்றத்தில் மலரும் ரோசா

வீடு என்பது நான்கு சுவர்களோடு முடிந்துவிடும் ஒன்றன்று. எம் முன்னோர் அமைத்த இல்லங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். படலை, முற்றம், திண்ணை, விறாந்தை, கிணற்றடி என்பன யாவும் வீட்டின் உறுப்புக்களாகவே கருதப்பட்டன. நெல் காய்ந்தது முற்றத்தில். மணப்பந்தல் எழுந்தது முற்றத்தில். நிலாக் காலங்களிற் பாட்டி கதை சொன்னதும் அம் முற்றத்திலேதான். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் சமையலறை பெரிய வீட்டினின்று விலகித் தனியே நின்றது. ஆதலால் வீட்டார் ஒரு நாளிற் பன்முறை திறந்த வெளியைக் கடந்தே வாழ்ந்தனர்.

இன்றோ நிலைமை வேறு. முற்றத்திற்குச் சீமெந்து பூசப்பட்டுவிட்டது. விறாந்தைக்குக் கம்பியடைப்பு வந்துவிட்டது. போர்க்காலத்து அச்சம் மதில்களை உயர்த்தியது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும் அம் மதில்கள் தாழவில்லை. மாலையானதும் ஒருவர் தொலைக்காட்சியின் முன்னும், மற்றொருவர் கைத்தொலைபேசியின் முன்னும் அமர்ந்துவிடுகின்றனர். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத குடும்பங்கள் பெருகி வருகின்றன. இதனால் மிகவும் தனித்துப் போகின்றவர்கள் வெளியே தூரம் நடக்க இயலாத முதியவர்களே.

முற்றத்தை மீண்டும் மனிதர் வாழும் இடமாக்குதல் எவ்வாறு? பெருஞ் செலவு வேண்டியதில்லை. வெளியே வந்து அமர்வதற்கு ஒரு காரணம் இருந்தாற் போதும். அக் காரணம் ஒரு பூஞ்செடியாகவும் இருக்கலாம். தினமும் நீர் கேட்டு, தினமும் ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காட்டி, எம்மை வெளியே அழைக்கும் செடிகளுள் ரோசாவுக்குத் தனியிடம் உண்டு. அதனைக் கொண்டு வீட்டின் வெளிப்புறத்தை எவ்வாறு அணிசெய்யலாம் என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் வரவும்

ரோசா எம் நாட்டுப் பழைய மலரன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ரோசா இல்லை. ரோசா என்னும் பெயரே போர்த்துக்கேயர் தம் மொழியில் இம் மலருக்கு இட்டு வழங்கும் பெயர். 'விறாந்தை' என்னும் சொல்லும் அவர்கள் வழியாகவே எம் பேச்சிற் புகுந்தது என்பர். விறாந்தையும் அதனை அணிசெய்யும் ரோசாவும் ஒரே கப்பலில் வந்திறங்கிய சொற்கள் எனக் கொள்வது சுவையான கற்பனையே.

பெயர் புதிதாயினும் அதன் மணம் எமக்குப் பழகியதே. மங்கல வீடுகளின் வாயிலில் வருவோரைப் பன்னீர் தெளித்து வரவேற்பது எம் வழக்கம். அப் பன்னீர் ரோசா இதழ்களை வடித்து எடுக்கப்படுவது. விருந்தினர் வாயிலிற் கால் வைக்கும்போது முதலில் உணர வேண்டியது ரோசாவின் மணமே என்று எம்மவர் முன்னரே தீர்மானித்துவிட்டனர். பன்னீர்ச் செம்பு நிற்கும் அவ்விடத்திலே பன்னீர் தரும் செடியும் நிற்பது பொருத்தந்தானே!

தோட்டத்தை ஊடறுத்து வாழ்ந்த குடும்பம்

வீட்டின் வெளிப்புறத்தை ரோசாவினால் வாழுமிடமாக்கியவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டின், இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள சிசிங்ஹேர்ஸ்ற் தோட்டத்தைக் கூறலாம். எழுத்தாளர் விற்றா சக்வில்-வெஸ்ற் அம்மையாரும் அவர் கணவர் ஹரல்ட் நிக்கல்சனும் 1930ஆம் ஆண்டில் அவ்விடத்தை வாங்கியபோது, அது இடிபாடுகளும் குப்பையும் நிறைந்த பாழ்மனையாகவே இருந்தது. கணவர் கோடு கீறி வடிவம் வகுத்தார். மனைவியார் செடிகளை நட்டார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது அக் குடும்பத்தின் வாழ்க்கை முறையாகும். அங்கே எஞ்சி நின்றவை ஒரே வீடாக இல்லாமற் சிதறிய கட்டடங்களாக இருந்தன. பெற்றோர் உறங்கியது ஒரு கட்டடத்தில், உணவருந்தியது வேறொரு கட்டடத்தில், நூல்நிலையம் மற்றொன்றில், அம்மையார் எழுதியது ஒரு கோபுரத்தில். மழையாயினும் பனியாயினும் தோட்டத்தைக் கடந்தே அவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே தோட்டத்தையே பல அறைகளாகப் பிரித்தனர். மதில்களும் செடிவேலிகளும் சுவர்களாயின, வானமே கூரையாயிற்று, அச் சுவர்களிலே ரோசாக் கொடிகள் படர்ந்தன.

அடுக்களைக்கும் பெரிய வீட்டுக்கும் இடையே முற்றத்தைக் கடந்து நடந்த எம் பாட்டிமாரின் வாழ்வும் இதுவே அன்றோ? அவர்கள் கடந்த முற்றத்தில் மல்லிகை இருந்தது. இவர்கள் கடந்த முற்றத்தில் ரோசா இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

1950ஆம் ஆண்டளவில் அம்மையார் அங்கே வெண்ணிற மலர்களுக்கென ஒரு பகுதியை அமைத்தார். அதுவே இன்று உலகெங்கும் பெயர் பெற்றுள்ளது. அதிலே ஒரு நுட்பம் உண்டு. பொழுது சாயும்போது சிவப்பு மலர் முதலிலே கருமையாகி மறைந்துவிடும். வெண்மலரோ இருள் சூழும் வரை ஒளிரும். மாலையில் அமரும் இடத்திற்கு வெண்ணிறமே ஏற்றது என்னும் இப் பாடம் எம் முற்றத்திற்கும் பொருந்தும். அம்மையார் 1946 முதல் 1961 வரை 'ஒப்சேவர்' என்னும் ஞாயிறு இதழில் வாரந்தோறும் தோட்டக் கட்டுரைகள் எழுதினார் என்பது ஞாயிறு இதழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1967ஆம் ஆண்டு முதல் அத் தோட்டம் அந் நாட்டின் தேசிய நம்பிக்கை நிதியத்தின் பராமரிப்பில் உள்ளது.

வேலியிற் பிறந்த குலம்

குளிர்நாட்டுத் தோட்டத்தைக் கண்டு மயங்கி, அங்குள்ள செடிகளையே இங்கும் தேடுவது அறிவுடைமையாகாது. வெப்பநாட்டு வெளியிலே வளர்வதற்கென்றே தோன்றிய ஒரு குலம் ரோசாக்களுள் உண்டு. அதன் பிறப்பு வரலாறு மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

இந்து சமுத்திரத்தில் றீயூனியன் என்றொரு தீவு உண்டு. முன்னர் அதன் பெயர் பூர்பொன். தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் தீவு அது. அங்குள்ள பயிர்ச்செய்கையாளர் தம் நிலங்களைச் சுற்றி ரோசாச் செடிகளையே வேலியாக நட்டனர். சீன நாட்டிலிருந்து வந்த ரோசாவும், 'தமாஸ்க்' எனப்படும் மணமிக்க ரோசாவும் அவ் வேலிகளிற் கலந்து நின்றன. காற்றும் வண்டும் இரண்டின் மகரந்தங்களையும் கலக்க, இரண்டின் இயல்பையும் கொண்ட புதிய செடியொன்று வேலியிலே தானாக முளைத்தது. சீனத் தாயிடமிருந்து அடிக்கடி பூக்கும் தன்மையையும், தமாஸ்க் குலத்திடமிருந்து நறுமணத்தையும் அது பெற்றிருந்தது. 1817ஆம் ஆண்டில் அத் தீவுக்கு வந்த பிரெயோன் என்னும் தாவரவியலாளர் அதனை அறிந்து, அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். 'பூர்பொன் ரோசா' என ஐரோப்பியர் போற்றிய குலம் இவ்வாறே தோன்றியது.

தமிழகத்திலே 'எட்வேட் ரோசா' எனவும் பன்னீர் ரோசா எனவும் வழங்கி, மாலை தொடுக்கப் பயன்படும் இளஞ்சிவப்பு மலர் இக் குலத்தைச் சார்ந்ததே. வெயிலைத் தாங்கும், தடியை நட்டாலே வேர்விடும், மணம் நிறைந்தது. கடைகளிலே நீண்ட காம்போடும் கூரிய மொட்டோடும் விற்கப்படும் பெருமலர் வகைகள் பார்வைக்கு அழகாயினும், அவற்றுட் பல மணம் குறைந்தவை. பராமரிப்பையும் மிகுதியாக வேண்டுபவை. குடும்பத்தார் அமரும் இடத்திற்கு முதலில் வேண்டியது மணமும் உறுதியுமே.

நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் சென்று, ஹக்கலைப் பூங்காவின் ரோசாக்களைக் கண்டு, வழியிற் செடி வாங்கி வருவோர் பலர். 1861ஆம் ஆண்டிற் சிங்கோனா மரங்களை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட அப் பூங்கா, கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே நாட்கணக்கில் வாடாத மலர் கீழ்நாட்டு வெயிலில் விரைவில் விரிந்து, விரைவில் நிறம் மங்கும், அளவிலும் சிறுக்கும். இது செடியின் குற்றமுமன்று, வளர்ப்பவரின் குற்றமுமன்று, வெப்பத்தின் இயல்பு. எனவே அண்டை வீட்டு வேலியிலே ஆண்டுக்கணக்காகத் தழைத்து நிற்கும் செடியிலிருந்து ஒரு தடியைக் கேட்டுப் பெறுவதே சிறந்த தெரிவாகும்.

எங்கே வைப்பது?

இங்குதான் ஒரு சிக்கல் எழுகின்றது. ரோசாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மனிதருக்கோ நிழல் வேண்டும். இருவரையும் ஓரிடத்தில் இருத்துவது எப்படி? அமரும் வாங்கை வேம்பின் கீழோ மாவின் கீழோ இட்டு, அந் நிழல் முடியும் எல்லையிற் கிழக்குப் பக்கமாகச் செடிகளை வரிசையாக வைக்க வேண்டும். நாம் நிழலில் இருந்து ஒளியிலுள்ள மலரைக் காண்போம். காலை வெயில் இலைகளின் பனியை விரைவில் உலர்த்திவிடுவதால் நோயும் குறையும். பெருமரத்தின் வேர்கள் அருகிலுள்ள செடியின் நீரைக் கவர்ந்துவிடும். ஆதலால் அவ்விடத்திற் பூச்சாடிகளே நன்று.

மணத்திற்கும் நேரம் உண்டு. ரோசாவின் மணம் பகலுக்குரியது. காலையிலே சிறப்பாக வீசும். மல்லிகையோ அந்தியில் விரிந்து இரவில் மணப்பது. காலைத் தேநீர் அருந்தும் விறாந்தையின் அருகே ரோசாவையும், மாலையில் இருந்து பேசும் பக்கத்தில் மல்லிகையோடு வெள்ளை ரோசாவையும் அமைப்பின், நாள் முழுவதும் எம் முற்றம் மணக்கும்.

நிறங்களைத் தேர்வதிலும் நிதானம் வேண்டும். வகைக்கொன்றாகப் பத்துச் செடிகள் வைப்பதிலும், ஒரே வகையில் மூன்று செடிகளைச் சேர்த்து வைப்பது கண்ணுக்கு நிறைவு தரும். வெள்ளைச் சுவரின் முன் சிவப்பும், செம்மண் நிலத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளும் எடுப்பாகத் தோன்றும். குழந்தைகள் ஓடும் வழியிலும் ஊஞ்சலின் அருகிலும் செடியை வைத்தலாகாது. நாற்காலிக்கும் செடிக்கும் இடையே மூன்றடியேனும் இருத்தல் நன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது இளந்தளிரைக் கருக்கிவிடும். ஆதலின் காற்று நேரே மோதாத மறைவைத் தேடுதல் வேண்டும்.

பந்தலும் சுவரும்

முல்லைக்குப் பந்தலிட்டுப் பழகிய எமக்கு ரோசாக் கொடிக்குப் பந்தலிடுவது கடினமன்று. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முல்லை தானே சுற்றிப் படரும். ரோசா சுற்றாது, பற்றுக்கம்பியும் விடாது. வளைந்த முள்ளினாற் பிற செடிகளிற் கொளுவிக்கொண்டு எழுவதே அதன் இயல்பு. அந்த முள்ளும் எலுமிச்சையின் முள்ளைப் போன்றதன்று. எலுமிச்சை முள் கிளையின் திரிபு. ரோசாவின் முள் தோலின் வளர்ச்சி. பக்கவாட்டில் அழுத்தினால் அது எளிதிற் கழன்றுவிடுவதை மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஆகவே கொடி ரோசாவை வாழைநாரினாலோ தென்னந்தும்பினாலோ நாமே கட்டிவிட வேண்டும். தண்டு பருக்க இடம்விட்டுத் தளர்வாகக் கட்டுதல் முக்கியம்.

மற்றொரு நுட்பம் இதனினும் பயனுடையது. கொடியை நேராக மேலே ஏறவிட்டால் உச்சியில் மாத்திரமே பூக்கும். கீழே வெறுந் தண்டு நிற்கும். உச்சி மொட்டு தனக்குக் கீழுள்ள மொட்டுக்களை வளரவிடாது அடக்கி வைப்பதே இதற்குக் காரணம். தண்டைப் பக்கவாட்டிற் சாய்த்துக் கட்டினால் அவ்வடக்குமுறை தளரும். கணுக்கள்தோறும் கிளைகள் எழுந்து பூக்கும். சிசிங்ஹேர்ஸ்ற் தோட்டத்திலும் நீண்ட தண்டுகளை வளைத்து நிலத்தை நோக்கிக் கட்டும் முறையையே கையாளுகின்றனர். சுவரிலே படரவிடுவோர், சுவருக்கும் மூங்கிற் சட்டத்திற்கும் இடையே ஓரடி இடைவெளி விடுதல் வேண்டும்; இல்லையேல் சுவரின் வெக்கை இலைகளை வாட்டும். மேற்கு வெயில் காயும் சுவரினும் கிழக்கு நோக்கிய சுவரே ஏற்றது.

மண்ணும் நீரும்

ரோசா சிறிதளவு அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. கிணற்று நீரும் வன்னீர். இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், செடியின் வேர் உறிஞ்ச முடியாத நிலையில் அது கட்டுண்டு கிடக்கும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்பின், அது நீர்க்குறையன்று; இவ்விரும்புக் குறையே எனக் கொள்ளலாம். அப்பொழுது மேலும் மேலும் நீரூற்றுவதாற் பயனில்லை. மக்கிய மாட்டெருவும் இலைக்குழை உரமும் நிறைய இடுவதும், கூரையிலிருந்து வடியும் மழைநீரைச் சேர்த்து வார்ப்பதுமே ஏற்ற பரிகாரம்.

நிலத்தில் நடுவோர் ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, பாதிக்கு மாட்டெரு கலந்த மண்ணை நிரப்பி நடுதல் வேண்டும். சாடியாயின் பதினைந்து அங்குல அகலமும் ஆழமும் உடையதாய், அடியில் துவாரம் உள்ளதாய் இருத்தல் நன்று. மேன்மண் இரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது ஏற்ற கலவை. சீமெந்துத் தரையின் சூடு சாடிக்கு ஏறாமலும், வடிநீர் தேங்காமலும் இருக்கும் பொருட்டு, சாடியைச் செங்கற்களின் மேல் இருத்த வேண்டும்.

நீர் அருமையான பிரதேசங்களில் வாழும் நாம் அதனை வீணாக்கலாகாது. அரிசி கழுவிய நீரை வேரில் வார்க்கலாம். செடியின் அடியிற் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். நீரை எப்பொழுதும் காலையில், வேரிலேயே வார்த்தல் வேண்டும். மாலையில் இலைகளை நனைப்பது தீமையை அழைப்பதாகும்.

கத்தரித்தலும் காத்தலும்

அத் தீமை யாதெனின் கரும்புள்ளி நோய். பூஞ்சணத்தால் உண்டாகும் இந்நோய் இலைகளிற் கரிய வட்டங்களைத் தோற்றுவித்து, அவற்றை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாய் இருந்தாலே அதன் வித்திகள் முளைத்து உட்புகும். மாரி காலத்திற் செடிகளை நெருங்கவிடாது காற்றோட்டம் அளிப்பதும், உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிப்பதும் முதற் காப்பாகும். தளிரை மொய்த்துச் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளை வெறும் நீரைப் பீச்சியே பெரும்பாலும் அகற்றிவிடலாம். மிகுதியாயின் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

மேலைநாடுகளிலே பனிக்காலம் வந்து ரோசாவை உறங்க வைக்கும். எம் நாட்டில் அவ்வுறக்கம் இல்லை; ஆகவே கத்தரிக்கோலே அதற்கு ஓய்வளிக்க வேண்டும். காய்ந்த கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் நீக்கி, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுதல் முறை. ஒட்டுச் செடியாயின், ஒட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர்களை உடனே களைய வேண்டும், அவை ஒட்டுக்கட்டையினுடையவை, வளரவிட்டால் நல்ல செடியை விழுங்கிவிடும்.

கத்தரித்து ஆறேழு வாரங்களிற் செடி மீண்டும் பூக்கும். இக் கணக்கை அறிந்த இல்லத்தரசி பெப்பிரவரி இறுதியிலே கத்தரித்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு முற்றம் நிறைய மலர் காண்பாள். வீட்டில் நிகழவிருக்கும் மங்கல காரியத்திற்கும் இவ்வாறே முன்கூட்டித் திட்டமிடலாம்.

சிறிய இடமும் போதும்

"எமக்கு முற்றமே இல்லையே, ரோசாவுக்கு எங்கே போவது?" என்று கொழும்பு மாடிவீடுகளில் வாழ்வோர் கேட்கக்கூடும். அவர்கள் மலையகத்தை நோக்குவாராக. தேயிலைத் தோட்டங்களில் லயன் அறைகளின் முன்னே கிடைப்பது சில அடி அகலமுள்ள நிலமே. அச் சிறு துண்டிலும், பழைய தகரப் பேணிகளிலும் வாளிகளிலும் பூஞ்செடி வளர்த்து வாயிலை அழகு செய்யும் குடும்பங்களை நாம் காண்கின்றோம். நாள் முழுவதும் பிறருக்குரிய செடிகளிற் கொழுந்து கிள்ளிய கைகள், மாலையில் தமக்கென ஒரு செடிக்கு நீர் வார்க்கின்றன. வெளியிடத்தை அணிசெய்தல் செல்வரின் பொழுதுபோக்கு என்போர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி இல்லை. வெயில் படும் பலகணியில் இரண்டு சாடிகள் வைக்க இடமிருப்பின் அதுவும் ஒரு முற்றமே.

இறுதியாக ஒன்று கூறுவோம். ரோசாவைப் படலையருகில் வைத்துத் தெருவாருக்குக் காட்டுவதோடு நின்றுவிட்டால், அது வீட்டின் பெருமைக்கு ஒரு சின்னமாகுமேயன்றி வாழ்வுக்குத் துணையாகாது. வீட்டார் அமரும் இடத்தில் அதனை வையுங்கள். அதன் அருகே இரண்டு நாற்காலிகளையும் போடுங்கள். நீர் வார்க்கும் பணியைப் பிள்ளைகளுக்கும், வாடிய மலரைக் கத்தரிக்கும் பணியை வீட்டிலுள்ள முதியவர்க்கும் கொடுங்கள். "புதிதாக மொட்டு வந்திருக்கிறதா?" என்று பார்க்கப் பேரன் வருவான், பார்த்ததைச் சொல்லப் பாட்டனார் அங்கே இருப்பார். பேச்சு செடியிலே தொடங்கி, அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தவற்றுக்குத் தானே நகர்ந்து செல்லும். அத்தகைய அரைமணி நேரத்தை நாள்தோறும் ஒரு குடும்பத்திற்கு ஈட்டித் தருமாயின், அச் செடிக்கு இட்ட எருவும் வார்த்த நீரும் வீண்போகவில்லை என்க.